மொகல் தெருவில் பாட்டையாவின் கிட்டங்கி: கட்டிடத்தைத் தேடுவதற்கு முன் மனையைத் தேடுங்கள்

தேவகோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து எழுதும் நீங்கள், உங்கள் பாட்டையா ரங்கோன் மொகல் தெருவில் வட்டித் தொழில் நடத்தியவர் என்றும், அவர் காலத்துக் கடித உறை ஒன்றும் மூன்று மாடிக் கட்டிடம் ஒன்றின் புகைப்படமும் வீட்டுப் பெட்டகத்தில் கிடைத்தன என்றும், உறையில் உள்ள கதவு எண்ணை வைத்துக்கொண்டு இணைய வரைபடத்தில் தெரு முழுவதும் தேடியும் படத்தில் உள்ள முகப்பு அகப்படவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ‘அந்தக் கட்டிடம் இன்னும் நிற்கிறதா?’ என்பது நீங்கள் கேட்ட கேள்வி. அதற்குள்ளேயே ‘படத்தில் இருப்பது அந்த முகவரிக் கட்டிடம்தானா?’, ‘அது எங்கள் குடும்பச் சொத்தாக இருந்ததா?’ என்ற வேறு இரண்டு கேள்விகளும் அடங்கியிருக்கின்றன. அவற்றைத் தொடாமல் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால், அது உங்களை யாரோ ஒருவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடும். நான் யாங்கூனில், அதாவது பழைய ரங்கோனில், பிறந்து வளர்ந்தவன். நகரின் நடுப்பகுதியில் பழைய கட்டிடங்களைப் பழுதுபார்க்கும் பணியில் மேற்பார்வையாளனாகப் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். சட்டம் படித்தவன் அல்லேன். சுவரையும் உத்திரத்தையும் படிக்கட்டையும் சாக்கடையையும் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தெரிந்தவற்றைத்தான் இங்கே எழுத முடியும்.

முதலில் இடத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். மொகல் தெரு இன்று ஷ்வே பொந்தா தெரு. பபேடான் வட்டாரத்தில், தெற்கே ஆற்றங்கரைச் சாலையிலிருந்து வடக்கே போஜோ ஆங் சான் சாலை வரை செல்கிறது. அதைக் குறுக்கே வெட்டும் சாலைகளின் பெயர்களும் சுதந்திரத்துக்குப் பின் மாறிவிட்டன: பழைய கடிதங்களில் டல்ஹவுசி தெரு என்று வருவது இன்றைய மகா பந்துலா சாலை, ஃபிரேசர் தெரு என்பது அனவ்ரதா சாலை, மாண்ட்கோமரி தெரு என்பது போஜோ ஆங் சான் சாலை. இந்தக் குறுக்குச் சாலைகளால் ஒவ்வொரு தெருவும் கீழ்ப் பகுதி, நடுப் பகுதி, மேல் பகுதி என்று பிரிகிறது. இன்றும் யாங்கூனில் முகவரி கேட்டால், எண்ணைச் சொன்ன கையோடு எந்தப் பகுதி என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். உங்கள் உறையில் எண் மட்டும் இருந்து பகுதி இல்லையென்றால், அதே குடும்பத்துப் பிற கடிதங்களில் ‘டல்ஹவுசி தெரு முனை’, ‘பிரேசர் தெருவுக்கு மேலே’ போன்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எண்ணைவிட அந்தச் சொற்கள் அதிகம் உதவும். ஒரு மனை இரண்டாகப் பிரியும்போதும் இரண்டு மனைகள் ஒன்றாகும்போதும் எண் ஆட்டம் கண்டுவிடும், முனை அப்படியே இருக்கும்.

இந்த நகரத்தைப் புரிந்துகொள்ள அதன் மனைப்பிரிவைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். 1852இல் இரண்டாம் ஆங்கிலேய-பர்மியப் போருக்குப் பிறகு, ரங்கோன் ஏறக்குறைய வெற்றுத் தாளில் கோடு போட்டு அமைக்கப்பட்டது. மாண்ட்கோமரி என்ற மருத்துவர் வகுத்த திட்டத்தை ஃபிரேசர் என்ற படைப்பொறியாளர் நிறைவேற்றினார். மேலே சொன்ன இரண்டு சாலைகளின் பழைய பெயர்கள் இவர்களுடையவைதாம். சூலே பகோடாவை நடுவாக வைத்து, 100 அடி, 50 அடி, 30 அடி என்று மூன்று அகலங்களில் தெருக்களை நேர்கோட்டில் ஓடவிட்டார்கள். எண் மட்டும் கொண்ட தெருக்கள் ஒடுக்கமான முப்பதடித் தெருக்கள். இந்தக் கட்டங்களுக்குள் மனைகள் தெருவுக்கு முகம் குறுகி, பின்னோக்கி நீண்டு விழுந்தன. மனைகளின் பின்புறம் ஒருவர் நடந்து போகும் அளவுக்குச் சந்து. கழிவை அள்ளிச் செல்வதற்காக விடப்பட்ட அந்தச் சந்தின் பக்கம்தான் சமையலறைகளும் கழிப்பிடங்களும் திரும்பியிருந்தன. 1888ஆம் ஆண்டை ஒட்டி, அழுத்தக் காற்றால் கழிவை மேலே தள்ளும் பாதாளச் சாக்கடையை நகரின் நடுப்பகுதியில் பதித்தார்கள். அதன் பிறகு மனையின் பின் எல்லையை யாரும் எளிதில் நகர்த்த முடியவில்லை. முன்னால் தெரு, பின்னால் சந்து, இடையில் பக்கத்துவீட்டுச் சுவர் என்று மனை பூட்டுப்பட்டுவிட்டது. இன்று யாங்கூன் அடுக்கக விளம்பரங்களில் ‘பன்னிரண்டரைக்கு ஐம்பது’ என்று மறுபடி மறுபடி வரும் அளவைப் பார்த்திருப்பீர்கள். இருபத்தைந்தடி முகப்புள்ள பழைய மனையை நடுவில் பிளந்த கணக்கு அது. மரவீடு போய்ச் செங்கல் வந்தது, செங்கல் போய்க் கான்கிரீட் வந்தது. மனையின் அளவு மட்டும் பெரும்பாலும் அதுவேதான். ஆகவே படத்தில் உள்ள முகப்பைத் தேடுவதை ஒத்திவைத்துவிட்டு மனையைத் தேடுங்கள் என்பதே என் முதல் யோசனை.

அடுத்தது, அந்த மனையில் உங்கள் பாட்டையாவுக்கு என்ன இருந்தது என்பது. இங்கே பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. ‘மொகல் தெருவில் எங்களுக்குக் கட்டிடம் இருந்தது’ என்று பேரப்பிள்ளைகள் சொல்வார்கள். ஏடுகளைப் பார்த்தால், அங்கே இருந்தது ஒரு கிட்டங்கியில் ஒரு பெட்டியடி. கிட்டங்கி என்பது பல விலாசங்கள் (குடும்பத் தலைப்பெழுத்துகளால் அறியப்பட்ட வட்டிக்கடைகள்) சேர்ந்து தொழில் செய்த நீண்ட கூடம். சுவரோரமாக ஒவ்வொரு விலாசத்துக்கும் ஓர் இடம், அதுதான் பெட்டியடி. அந்த இடத்தில் ஒரு கைப்பெட்டி, உட்கார ஒரு பாய், பின்னால் இரும்புப் பெட்டியும் ஓர் அலமாரியும். பகலில் அதுவே அலுவலகம், இரவில் அதுவே படுக்கை. பின்கட்டில் எல்லோருக்கும் சேர்த்துச் சமையல். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஊரிலிருந்து வந்தவர்கள் மூன்று வருடக் கணக்கு முடித்து ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) கட்டிவிட்டு ஊர் திரும்ப, அடுத்தவர் வந்து அதே பாயில் உட்காருவார். முதலாளி கப்பலேறாமலே கூட விலாசம் மட்டும் பல காலம் அங்கே இருந்திருக்கிறது. எனவே உறையில் இருக்கும் எண் ஒரு விலாசத்தின் எண் அன்று, அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை விலாசங்களுக்கும் பொதுவான எண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இதைத் தீர்த்துக்கொள்ளும் வழி ரங்கோனில் இல்லை, உங்கள் ஊரிலேயே இருக்கிறது. கடை ஏடு ஒன்றாவது மிஞ்சியிருந்தால் செலவுக் கணக்கைப் பாருங்கள். மாதந்தோறும் கிட்டங்கி வாடகை என்று பற்று எழுதியிருந்தால், கட்டிடம் வேறொருவருடையது. உங்கள் பாட்டையா குடியிருந்தவர். வாடகை வரவாக எழுதப்பட்டு, கூடவே நகரசபை வரியும் ஓட்டுக்கும் காரைக்கும் ஆன செலவும் பற்றில் இருந்தால், கட்டிடம் அவருடையதாகவோ அவருக்கு ஈடாக வந்ததாகவோ இருக்கும். ஏடு இல்லையென்றால் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் பர்மாச் சொத்துகள் தனியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்றும், மேலாளுக்குக் கொடுத்த சம்பளச் சீட்டிலும் முக்தியார் பத்திரத்திலும் (மற்றொருவருக்கு அதிகாரம் அளிக்கும் பத்திரம்) இடத்தைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்றும் பாருங்கள். விலாசத்தின் எழுத்துகளை ஒன்றுவிடாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அது பங்காளி வீட்டு விலாசமாகிவிடும். ரங்கோனில் அச்சான வணிகக் கையேடுகளும் அரசாங்கக் கோப்புகளும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் உண்டு. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வெளியீடுகள் பல சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கின்றன. நான் முதலில் சென்னைக்குப் போவேன், லண்டனுக்குப் பிறகு.

தெருவின் தொழில் எப்படி மாறியது என்பதும் உங்கள் தேடலோடு சேர்ந்ததுதான், ஏனென்றால் கட்டிடங்கள் மாறிய காலங்கள் அந்த மாற்றங்களோடு ஒட்டியே வருகின்றன. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு, பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை விரிந்தது. ஐராவதிக் கழிமுகத்தின் சதுப்பைத் திருத்தி வயலாக்க முதல் வேண்டியிருந்தது. அந்த முதலைக் கொடுத்தவர்களில் பெரும்பங்கினர் ‘கொண்டு விற்க’, அதாவது வெளிநாட்டுத் தொழிலுக்கு, போன நகரத்தார். வயல் கழிமுகத்தில், கடன் பத்திரம் உள்ளூர்க் கடையில், பணத்தின் தலைவாய்க்கால் மொகல் தெருவில் என்றிருந்தது அமைப்பு. மாதந்தோறும் கோயிலில் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். 1930ஐ ஒட்டிய அரசாங்க விசாரணைக் குழுவின் கணக்குப்படி, பர்மா முழுவதும் 1,650 அளவில் செட்டியார் கடைகளும், 65 முதல் 75 கோடி ரூபாய் வரை கடனில் நின்ற தொகையும் இருந்தன. அந்தக் காலத்தில் ரங்கோன் மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். இவை உறுதியான செய்திகள். உங்கள் படம் 1920களில் எடுத்தது என்றால், அந்தத் தெரு தன் உச்சத்தில் இருந்த காலத்தில் எடுத்தது.

1930 அந்த உச்சத்தை உடைத்தது. மே 5ஆம் தேதி பெகு நிலநடுக்கம் ரங்கோனிலும் உயிர்களைப் பறித்துக் கட்டிடங்களை விழத்தாட்டியது. அதே மாதக் கடைசியில் துறைமுகத் தொழிலாளர் தகராறு இந்தியர்களுக்கு எதிரான கலவரமாக வெடித்தது. அதனோடு நெல் விலையும் சரிந்தது. கடன் வாங்கியவர்களால் வட்டி கட்ட முடியவில்லை, நிலம் கடனுக்கு ஈடாக வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீதம் நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1937இல் அது சுமார் 25 சதவீதம். பணமாகச் சுழல வேண்டியது மண்ணாக முடங்கியது என்று பெரியவர்கள் சொல்வதன் பொருள் இதுதான். அந்த 1937இல்தான் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரி 10இல் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கோன் மூன்றிலும் ஒரே நாளில் திறந்தது. கிட்டங்கிப் பாயிலிருந்து வங்கி மேசைக்கு மாறும் முயற்சி அந்தத் தெருவின் தொழில் தானாகவே புது வடிவம் எடுத்துக்கொண்டிருந்ததைக் காட்டுகிறது. அதற்குக் கிடைத்த காலம்தான் போதவில்லை.

1941 டிசம்பர் 23இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. நடைவழியாக அரக்கான் பக்கமும் தாமு பக்கமும் இந்தியாவுக்குப் போனவர்களின் கதை உங்கள் ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். கட்டிடங்களைப் பொறுத்தவரை நினைவில் கொள்ள வேண்டியது ஒன்று: 1942 மார்ச்சில் நகரம் வீழும்வரை ஜப்பானியரும் 1945 மே மாதத்தில் நகரம் மீட்கப்படும்வரை நேச நாட்டு விமானங்களும் குண்டு போட்டதால், ஒரே தெருவில் ஒரு மனை தரைமட்டமாக, பக்கத்து மனை கீறலில்லாமல் நின்றது. எனவே ‘மொகல் தெரு போரில் அழிந்தது’ என்று சொல்பவரும் சரி, ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்பவரும் சரி, தாங்கள் பார்த்த நாலைந்து கட்டிடங்களை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

போருக்குப் பின் பலர் திரும்பி வந்தார்கள். 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. அது வயல்களைப் பற்றியது, நகரத்து மனைகளைப் பற்றியது அன்று. இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள், ஏனெனில் ‘எல்லாவற்றையும் 48இல் பிடுங்கிக்கொண்டார்கள்’ என்று குடும்பங்களில் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். தெருவை மாற்றியவை பின்னால் வந்தவை. 1960இன் நகர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், உரிமையாளர் நினைத்தபடி வாடகையை ஏற்ற முடியாமல் போயிற்று. 1962இல் இராணுவ ஆட்சி. 1963 பிப்ரவரி 23இல் வங்கிகள் அனைத்தும் நாட்டுடைமை. 1964 மார்ச் 19இல் ரங்கோனின் மொத்த, சில்லறைக் கடைகள் நாட்டுடைமை. இரண்டு மாதத்துக்குள், மே 17இல், 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு. கடை வாசலில் ‘மக்கள் கடை’ என்று எண்ணுடன் பலகை ஏறியது. அடுத்த சில ஆண்டுகளில் இந்தியர்கள் இலட்சக்கணக்கில் கப்பலேறினார்கள். கையில் சிறு தொகையைத் தவிர நகைநட்டு எதையும் எடுத்துச் செல்ல விடவில்லை. சென்னை பர்மா பஜாரில் கடை போட்டவர்களும் அத்தோ (பர்மிய நூடுல்ஸ்) கடை வைத்தவர்களும் அப்படிப் போனவர்கள்தாம். 

இந்த இடத்தில் என் தொழில் சார்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1964க்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தெருவில் கட்டிடங்கள் மாறவே இல்லை என்று சொல்லலாம். அதை யாரும் பாதுகாக்கவில்லை; இடிக்கப் பணமில்லை, இடித்துவிட்டுக் கட்டினால் வாடகையும் வராது. வாடகைச் சட்டத்தால் உரிமையாளருக்குக் கிடைத்தது பழுதுபார்ப்பதற்கே காணாத தொகை. குடியிருப்பவரோ கட்டிடம் தம்முடையது அல்ல என்பதால் தம் சுவருக்குள் மட்டும் வெள்ளையடித்துக்கொண்டார். கூரை யாருடைய பொறுப்பும் இல்லை. மழைநீர் முதலில் கைப்பிடிச் சுவரோரம் இறங்கும், அங்கே ஆலஞ்செடி முளைக்கும், வேர் சுண்ணாம்புக் காரைக்குள் புகுந்து செங்கல்லைத் தள்ளும், தேக்கு உத்திரத்தின் சுவருக்குள் புதைந்த முனை உளுத்துப்போகும். நடுவில் தட்டிப் பார்த்தால் இரும்பு போல் இருக்கும் உத்திரம் முனையில் மாவாக உதிரும். பெரிய கூடங்களைத் தட்டி வைத்துத் தடுத்து, ஒரு கிட்டங்கி இருந்த இடத்தில் நான்கைந்து குடும்பங்கள் இருந்தன. அப்படி ஒரு முதல் மாடிக் கூடத்தில் கூரை ஒழுக்கைச் சரிசெய்யும் வேலை எனக்கு வந்தது. கீழிருந்து பார்த்தபோது, ஒரே ஒரு சுவரோரமாக மட்டும் உத்திரங்கள் இரட்டையாகப் போடப்பட்டிருந்தன. மேலே போய்ப் பலகையைப் பார்த்தால், அதே சுவரோரம் வரிசையாகச் சதுரம் சதுரமாகப் பலகை அழுந்தியிருந்தது. அங்கே குடியிருந்த பர்மியக் குடும்பத்துக்கு அது ஏன் என்று தெரியவில்லை. இரும்புப் பெட்டிகள் நின்ற வரிசை அது. அந்தப் பாரத்துக்காகவே கட்டிய கொத்தனாரோ பொறியாளரோ உத்திரத்தை இரட்டித்திருக்கிறார். கிட்டங்கியாக இருந்த கட்டிடத்துக்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது. ஆனால் இரட்டை உத்திரம் எந்த விலாசம் அங்கே இருந்தது என்பதைச் சொல்லாது. கட்டிடத்திலிருந்து கிடைக்கும் சான்று அவ்வளவுதான்.

1988க்குப் பிறகு சந்தை திறந்தபோது, தொண்ணூறுகளில் இடிப்பு தொடங்கியது. ஒப்பந்தக்காரர் பழைய கட்டிடத்தைத் தம் செலவில் இடித்து, ஆறு முதல் எட்டு மாடி வரை எழுப்பி, மனைக்காரருக்குச் சில தளங்களைக் கொடுத்துவிட்டு, மீதியை விற்றுக்கொள்வார். பழைய குடித்தனக்காரர்களுக்கும் பங்கு உண்டு. பெரும்பாலானவற்றில் மின்தூக்கி கிடையாது. அதனால்தான் யாங்கூனில் மேல்மாடிகளிலிருந்து தெருவரை கயிறுகள் தொங்குகின்றன. நுனியில் ஒரு கவ்வி இருக்கும், பத்திரிகைக்காரர் அதில் பத்திரிகையை மாட்டி மணியை இழுத்துவிட்டுப் போவார். நீங்கள் இணைய வரைபடத்தில் பார்த்த ஒட்டுச்சில்லு பதித்த ஒடுங்கிய உயரக் கட்டிடங்களில் பல இந்தக் காலத்தவை. நகராட்சிக் குழு தொண்ணூறுகளில் தொகுத்த பாரம்பரியக் கட்டிடப் பட்டியலில் 189 கட்டிடங்கள் இருந்தன. பெரும்பாலும் அரசாங்க மாளிகைகளும் வழிபாட்டு இடங்களும். வணிகர் தெருவின் சாதாரணக் கடைவீடுகளை யாரும் பட்டியலில் சேர்க்கவில்லை. 2012இல் யாங்கூன் பாரம்பரிய அறக்கட்டளை ஏற்பட்ட பிறகு தெரு முழுவதையும் ஒன்றாகப் பார்க்கும் பேச்சு எழுந்தது. அதற்குள் உங்கள் தெருவில் போக வேண்டியவை பலவும் போய்விட்டன. என் கருத்தில், தனித்தனி மாளிகைகளைக் காப்பாற்றியதைவிட அந்த மனைவரிசையும் பின்சந்தும் நிலைத்ததே பெரிய காரியம்.

இனி உங்கள் படத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதிய விவரிப்பின்படி மூன்று மாடி, மாடிக்கு மூன்று வளைவுச் சன்னல்கள், சாய்பலகை அடுக்கிய கதவுகள், மேலே கைப்பிடிச் சுவரில் ஏதோ எழுத்து. மூன்று சன்னல் அகலம் என்றால் அது இருபத்தைந்தடி முகப்பாக இருக்கலாம். ஆகவே இன்று அதே மனையில் பன்னிரண்டரை அடியில் இரண்டு கட்டிடங்கள் நின்றாலும் வியப்பில்லை. வளைவுச் சன்னல் என்பது சுமைதாங்கும் செங்கல் சுவரின் அடையாளம். சன்னலுக்கு மேலே நேரான கான்கிரீட் விட்டமும் முன்னே நீட்டிய கான்கிரீட் பலகணியும் இருந்தால், 1920களின் கடைசி அல்லது முப்பதுகள் என்று சொல்லத் துணியலாம். இது ஊகம்தான், ஏனென்றால் பழைய சுவரில் புதுப் பலகணி ஒட்டுவது அன்றும் வழக்கம். கைப்பிடிச் சுவரின் எழுத்தோ உறுதியான சான்று. ரங்கோனில் கட்டிய ஆண்டையும் உரிமையாளர் பெயரையும் காரையில் எழுப்பி எழுதும் பழக்கம் இருந்தது. படத்தை உயர் துல்லியத்தில் வருடி அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே உங்கள் விலாசம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. வேறொருவர் விலாசம் இருந்தால், வாடகைக் கணக்கு அதை உறுதிப்படுத்தும். தரைத்தளத்தில் நிரைப் பலகை போட்ட கடை தெரிந்தால் அதன் பெயர்ப்பலகையையும் படிக்கப் பாருங்கள். கிட்டங்கி மாடியில், துணிக்கடையோ மருந்துக்கடையோ கீழே என்று இருந்ததுண்டு, அந்தக் கடைக்காரர் கையேட்டில் எண்ணோடு அகப்படுவார்.

படத்தின் ஓரங்களை விட்டுவிடாதீர்கள். இந்த வட்டாரத்தில் மாறாமல் நிற்பவை வழிபாட்டு இடங்கள்: ஷ்வே பொந்தா தெருவிலேயே சூரத்தி சுன்னி ஜாமா பள்ளிவாசல், 30ஆம் தெருவில் 1918 வாக்கில் இன்றைய வடிவில் முடிந்த மொகல் ஷியா பள்ளிவாசல், போ சுன் பட் தெருப் பக்கம் தமிழ் முஸ்லிம்களின் சூலியா பள்ளிவாசல், 26ஆம் தெருவில் 1896இல் கட்டிய யூத ஆலயம், அனவ்ரதா சாலையில் 1871இல் தமிழர்கள் எழுப்பிய காளியம்மன் கோயில். ஒரு மினாராவின் நுனியோ கோபுரத்தின் ஒரு பகுதியோ படத்தில் தெரிந்தால், தெருவின் எந்தப் பக்கம், எந்தப் பகுதி என்பதை உள்ளூர்க்காரர் ஒருவர் நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார். நிழல் விழும் திசையும் உதவும்: தெரு தெற்கு வடக்காக ஓடுவதால், முகப்பில் காலை வெயில் விழுந்தால் அது கிழக்கு பார்த்த வரிசை. படம் எடுத்த நேரம் தெரியாதவரை இதைத் துணைச் சான்றாக மட்டும் கொள்ளுங்கள்.

இன்று அங்கே என்ன இருக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். பர்மியப் பேச்சில் மொகல் தெரு என்றால் தங்கச் சந்தை. அரசாங்கப் பெயர் மாறிப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் தங்க வியாபாரிகள் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். வட்டி விகிதம் பேசிய தெருவில் தங்க விலை பேசுகிறார்கள் என்பதில் எனக்கு ஒரு சிறு வேடிக்கை உண்டு. நகைக்கடைகளுக்கு இடையே கைபேசிக் கடை, தேநீர்க் கடை, வாசலில் சமூசா பொரிப்பவர். மாலையில் நடைபாதை முழுவதும் தள்ளுவண்டிகள். தமிழ் பேசும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள், ஆனால் தெருவின் மொழி பர்மியம்தான். 2021இல் இராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்த பிறகு புதுக் கட்டுமானம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. பாதி இடித்து நிறுத்திய மனைகளும் உண்டு. பழைய செங்கல் கட்டிடங்களைப் பொறுத்தவரை இது தற்காலிக ஓய்வுதான், பாதுகாப்பு அன்று. பராமரிப்பும் அதே காரணத்தால் நின்றுபோயிருக்கிறது.

கடைசியாக, நீங்கள் நேரடியாகக் கேட்காமல் வரிகளுக்கு இடையே கேட்ட உரிமை விஷயம். வெளிநாட்டவருக்கு அசையாச் சொத்தைக் கைமாற்றுவதை 1947ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 1987இல் வந்த சட்டம் அதையே மறுபடி உறுதிசெய்தது. இது உறுதி. உங்கள் குடும்பத்துக் கட்டிடம் விற்கப்பட்டதா, முக்தியார் வைத்திருந்தவர் பெயருக்குப் போயிற்றா, கடையோடு சேர்த்து அரசு எடுத்துக்கொண்டதா என்பது அந்தந்த மனைக்குரிய பத்திரத்தைப் பொறுத்தது. அதை மியன்மார் வழக்கறிஞர் ஒருவரிடம்தான் கேட்க வேண்டும். ‘பர்மாச் சொத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் அனுப்புங்கள்’ என்று தொலைபேசியில் பேசுபவர்களிடம் மூலப் பத்திரத்தைக் கொடுத்துவிடாதீர்கள். நகல் போதும், அதிலும் விலாசமும் எண்ணும் தெரியும் பக்கத்தை மறைத்துவிடுங்கள். இங்கே பொதுவெளியில் பதிவிடும்போதும் அவ்வாறே செய்யுங்கள். கைப்பிடிச் சுவரும் படத்தின் இரண்டு ஓரங்களும் மட்டும் தெரியும் பகுதிகளை வெட்டிப் பதிவிட்டால் போதும். தெருவின் எந்தப் பகுதி, எந்த வரிசை என்பதை என்னால் பார்த்துச் சொல்ல முடியலாம். அதன் பிறகு மனை எண்ணைத் தேடுவது ஏட்டின் வேலை.